காப்பு இல்லாத கை

இந்தத் தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு, மொரீஷியஸில் எங்கள் குவாத்ர் போர்ன் மலைக்கோவிலில் காப்புக் கட்டியிருந்தேன். பத்து நாள் விரதம். ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, வேலை முடிந்து ரோஸ்ஹில் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல, கணினி வரைந்த உலகத்தைக் கண்முன் காட்டும் விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கினேன். மணிக்கட்டு மொட்டையாக இருந்தது. அடிவயிறு கலங்கிவிட்டது. எங்கே விழுந்திருக்கும், பஸ்ஸிலா? பதறிப்போய் ஹெட்செட்டைக் கழற்றினால், மஞ்சள் கயிறு கட்டின இடத்திலேயே இருக்கிறது. கணினி வரைந்த கையில் யார் காப்புக் கட்டப்போகிறார்கள்!

"விரதத்துல அந்தப் பெட்டியை மாட்டாதீங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றாள் மனைவி.

ஒன்றரை வருடமாக இது என்னிடம் இருக்கிறது. சாம்பல் நிறக் கையுறை போன்ற ஒன்றை என் கையாகவே மனசு சேர்த்துக்கொண்டுவிட்டது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

இந்த மயக்கத்துக்கு விஆர்கூடத் தேவையில்லை. 1998இல் பாட்வினிக், கோஹன் இருவரும் 'நேச்சர்' இதழில் எழுதிய ரப்பர் கைப் பரிசோதனை பிரபலம். நம் கையை மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வருடல் ரப்பர் கையில் படுவதுபோலவே தோன்றும். இரண்டு தூரிகையும் முன்பின்னாக வருடினால் மயக்கம் வெகுவாகக் குறைந்துவிடும்.

என் அனுபவமும் அதேதான். ஆரம்பத்தில் ரோமம், நகம், மாநிறத் தோல் எல்லாம் உள்ள கையாகத் தேடித் தேடி வைத்தேன். சாயங்காலம் அறையில் வெளிச்சம் மங்கியதும் ஹெட்செட்டின் கேமராக்கள் விரலைத் தவறவிடும். நான் மடக்கிய பிறகு அது நிதானமாக மடங்கும். அந்த நொடியே அது யாரோ ஒருவர் கை. சாம்பல் கையுறையோ, நல்ல டியூப்லைட் வெளிச்சத்தில் நான் அசைத்த கணமே அசையும். அழகைவிட நேரம்தான் முக்கியம்.

இன்னொரு தொல்லை, கும்பிட முடியாது. உள்ளங்கைகளைச் சேர்த்தால் ஒரு கை மற்றதை மறைக்கும், கேமராவுக்குக் குழப்பம், ஒரு கை பட்டென்று மறைந்துவிடும். இத்தனை நாள் பழகியும் அது மறையும்போது சின்னதாக ஒரு திடுக்கிடல்.

ஹெட்செட்டை மாட்டிப் பார்த்த மாமியாருக்கு அந்தக் கை கடைசிவரை ஒட்டவே இல்லை. வளையல் சத்தம் கேட்கிறது, கையில் கனமும் இருக்கிறது, கண்ணுக்கு மட்டும் வெறும் கை. "சா பா மோ லாமே சா" (இது என் கை இல்லை) என்று கிரியோலில் சொல்லிவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிட்டார். எனக்குக் காப்பைத் தேட வைத்த அதே வெறும் மணிக்கட்டு, அவருக்குக் கையையே இல்லை என்று சொல்ல வைத்தது. இது ஆளுக்கு ஆள் மாறும்போல.

தோற்றத்துக்கு வேலையே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2013இல் கில்டெனி, பெர்க்ஸ்ட்ரோம், ஸ்லேட்டர் மூவரும் வெளியிட்ட ஆய்வில், சாதாரண உடையிலிருந்த கருநிற அவதாருக்குள் (விஆரில் நமக்குக் கிடைக்கும் உடம்பு) இருந்தவர்கள், சூட் போட்ட வெளிர்நிற அவதாருக்குள் இருந்தவர்களைவிட அதிகமாக உடம்பை அசைத்து மேளம் அடித்தார்கள். படித்துவிட்டு நானும் சூட் அவதாரில் கை விரித்து, எங்கள் ஊர் ஆட்டுத்தோல் மேளமான ரவான் வாசிப்பதுபோல் அடித்துப் பார்த்தேன். தோள் இறுகிப்போய், எங்கள் ஊர் ஆட்டப்பாட்டான சேகாவின் தாளம் வரவே இல்லை. படித்ததால் வந்த கோளாறாகவும் இருக்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்கு: கடையில் கன்ட்ரோலரை (பொத்தான் வைத்த கைப்பிடி) கையில் திணிப்பார்கள். அதைக் கீழே வைத்துவிட்டு, வெறும் கையைப் பின்தொடரும் வசதியைப் போடச் சொல்லி, விரல்களை வேகமாக மடக்கி நீட்டுங்கள். பின்தங்கினால் வேண்டாம். நம் ஊர் வெயில் காலத்தில் அரை மணி நேரத்திலேயே முகப் பஞ்சு வேர்வையில் ஊறிவிடும், மாற்றுப் பஞ்சும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.