எட்டுப் பேர், ஒரு மேசை: பெரிய பொம்மைப் போருக்கு எந்த ஆட்டம்?

சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி மோதும் மினியேச்சர் போர் ஆட்டங்களில் இரண்டு பேர் மட்டும் மோதினால் எந்த விதிநூலை எடுத்தாலும் ஒருவழியாக ஒப்பேற்றிவிடலாம். எட்டுப் பேர் கூடி, அதில் இருவர் பள்ளிப் பிள்ளைகள், ஒருவர் பகடையைத் தொட்டே பார்க்காத அத்தை என்று அமையும்போதுதான் ஆட்டத்தின் தரம் தெரிகிறது. நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: தன் முறை வரும்வரை ஒருவர் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும்?

இந்தக் கணக்கில், எதிர்கால விண்வெளிப் போர்களைக் களமாகக் கொண்ட வார்ஹாமர் 40,000 மிகவும் பின்தங்கிவிடுகிறது. பொம்மைகளின் கவர்ச்சியில் அதை மிஞ்ச ஆளில்லை. பிள்ளைகள் பெட்டியைப் பார்த்ததுமே மயங்கிவிடுவார்கள். ஆனால் ஒரு தரப்பு நகர்ந்து, சுட்டு, பாய்ந்து, கைகலந்து முடிக்கும்வரை மறுதரப்புக்குத் தற்காப்புப் பகடை உருட்டுவதைத் தவிரப் பெரிதாக வேலை இல்லை. அந்த ஆட்டத்தின் கனத்த கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்கள் பத்துப் பேர் ஆளுக்கு இரண்டு முறை எதிரி மரீன்கள் மீது சுடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இருபது பகடைகளில் சராசரியாகப் பதின்மூன்று குறி தப்பாது. அவற்றில் ஆறேழு காயப்படுத்தும். கவசம் தடுத்தது போக இரண்டு மிஞ்சும். ஒரு மரீனைச் சாய்க்க இரண்டு காயம் வேண்டும் என்பதால், இத்தனை உருட்டலுக்கும் பலன் ஒரே ஒரு வீரன். வீரர்களின் வலிமையைப் புள்ளிகளால் அளந்து 2,000 புள்ளிகளுக்குத் திரட்டிய படைகளில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு படை கொண்டுவந்து மேசையை நிரப்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இரண்டாம் சுற்றைத் தாண்ட மாட்டீர்கள்.

அந்த உலகத்தை விடவே முடியாது என்பவர்களுக்கு 2019-ல் தனி ஆட்டமாக வந்த அபோகலிப்ஸ் நல்ல மாற்று. இரு தரப்பும் பிரிவு பிரிவாக மாறி மாறி இயங்குகின்றன. சேதத்தைச் சுற்றின் முடிவில்தான் கணக்கிடுகிறார்கள். ஆகவே அழியப்போகும் பிரிவும் அந்தச் சுற்றில் தன் பங்குக்குச் சுட்டுவிட்டுத்தான் போகும். முதல் சுற்றிலேயே டாங்கியை இழந்து முகம் வாடி உட்காரும் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பெற்றோருக்குத் தெரியும்.

40,000-ஐ 1987-ல் வடிவமைத்த அதே ரிக் பிரீஸ்ட்லி, ஜெர்விஸ் ஜான்சனுடன் சேர்ந்து எழுதி 2009-ல் வெளிவந்தது பிளாக் பவுடர். துப்பாக்கி மருந்துக் காலத்துப் போர்களுக்கான விதிகள் இவை. முதலில் உத்தரவை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: "இரண்டாம் ரெஜிமென்ட் முன்னேறி, பாலத்துக்கு அப்பால் உள்ள வேலியைப் பிடிக்கட்டும்!" பிறகுதான் இரண்டு பகடைகள் உருளும். தளபதிக்கு ஒரு தகுதி எண் உண்டு, பெரும்பாலும் 8; பகடைகளின் கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் படை அசையாது; அந்தத் தளபதி அந்தச் சுற்றில் வேறு உத்தரவும் இட முடியாது. கூட்டுத்தொகை குறையக் குறைய ஒன்று, இரண்டு, மூன்று அசைவுகள் வரை கிடைக்கும். காலாட்படைக்கு ஓர் அசைவு 12 அங்குலம். மூன்றும் வாய்த்தால் ஒரு ரெஜிமென்ட் ஒரே மூச்சில் ஒரு கெஜம் பாய்ந்துவிடும். இரட்டை ஆறு விழுந்தாலோ உத்தரவு தாறுமாறாகப் புரிந்துகொள்ளப்பட்டு, படை தன் போக்கில் போகும்.

இந்தப் பகடை வீச்சுக்காகவே நான் பிளாக் பவுடர் பக்கம் சாய்கிறேன். யார் உருட்டினாலும் எட்டுப் பேரும் எட்டிப் பார்க்கிறார்கள். எதிரிக்கு இரட்டை ஆறு விழுந்தால் மேசையே அதிர்கிறது. உத்தரவு சொல்ல விதி தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பதால் அத்தையும் பிரிகேடியர் ஆகலாம். பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுப்பதும் இல்லை. சேதத்தை அடையாளமிட்டு வைத்து, ரெஜிமென்ட் உடையும்போது மொத்தமாக அகற்றினால் போதும்.

குறை வண்ணத்தில் இருக்கிறது. வீரனின் உயரம் சுமார் 28 மி.மீ. இருக்கும் அளவில் ஒரு ரெஜிமென்டுக்கே இருபதுக்கு மேல் பொம்மைகள் ஆகலாம். சீருடையின் பொத்தான்வரை தீட்ட நினைத்தால் போர் அடுத்த ஆண்டுதான். ஒருவர் கோட்டு, ஒருவர் துப்பாக்கி என்று குடும்பமாகப் பிரித்துக்கொண்டால் வேலை ஓடும். வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே பூச்சில் நிழலும் தந்துவிடும் கான்ட்ராஸ்ட் வகை வண்ணங்களும் கைகொடுக்கும். இன்னும் சிறிய பொம்மைகள் வேண்டுமென்றால் 6 மி.மீ. இருக்கிறது. போர்க்களம் நிஜமாகவே பரந்து தெரியும், அலமாரியில் இடமும் மிச்சம். ஆனால் முகமே தெரியாத வீரனுக்கு எந்தப் பிள்ளையும் பெயர் வைப்பதில்லை.

வண்ணமே வேண்டாம், இன்றைக்கே விளையாட வேண்டும் என்றால் ரிச்சர்ட் போர்க் வடிவமைத்து 2004-ல் வெளிவந்த, இரண்டாம் உலகப் போர்ப் பலகை ஆட்டமான மெம்வார் 44 இருக்கிறது. அறுகோணக் கட்டங்கள், பிளாஸ்டிக் வீரர்கள், இடம், நடு, வலம் என்று உத்தரவு தரும் அட்டைகள். பகடையில் எண்களுக்குப் பதில் படங்கள்: காலாள் விழுந்தால் காலாட்படைக்கு அடி, டாங்கி விழுந்தால் டாங்கிக்கு அடி. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து நிமிடத்தில் புரியவைக்கலாம். ஓவர்லார்ட் முறையில் எட்டுப் பேர் வரை ஆடலாம். ஒவ்வொரு தரப்பிலும் தலைமைத் தளபதி அட்டைகளைத் தன் மூன்று களத்தளபதிகளுக்குப் பங்கிடுகிறார். சிக்கலும் அங்கேதான். வலப்பக்க அட்டை வராவிட்டால் வலப்பக்கத்துக்காரர் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த இடத்தைப் பொறுமைசாலி ஒருவருக்குக் கொடுங்கள். முதல் கூட்டத்துக்கு நான் எடுப்பது இதைத்தான். வருகிறவர்கள் எல்லாருமே இந்தப் பொழுதுபோக்கில் ஊறியவர்கள் என்றால் மட்டும் அலமாரியிலேயே இருக்கட்டும். அவர்களுக்கு இது சப்பென்றிருக்கும்.

எதை எடுத்தாலும் மேசையை நீளவாக்கில் வளர்க்க வேண்டும். அகலம் ஆறு அடியைத் தாண்டினால் நடுவில் கை எட்டாது. சட்டைக் கை பட்டுக் குதிரைப்படை சாயும். விதி நன்றாகத் தெரிந்தவர் எந்தத் தரப்பிலும் சேராமல் நடுவராக இருப்பது உத்தமம். 1824-ல் ரைஸ்விட்ஸ் வெளியிட்ட பிரஷ்ய ராணுவப் பயிற்சி ஆட்டத்திலேயே நடுவர் உண்டு. நேரக் கெடுவும் பழைய வழக்கம்தான். ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் 1913-ல் எழுதிய பொம்மைப் போர் விதிகளில் முப்பது வீரர்களுக்கு ஒரு நிமிடம், ஒரு பீரங்கிக்கு ஒரு நிமிடம் என்று அளந்துவைத்திருக்கிறார். எட்டுப் பேர் மேசையில் அந்தக் கெடுவை இன்றும் அப்படியே வைக்கலாம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் தாராளமாக, விதிநூலை மனப்பாடம் செய்துவிட்டு வரும் நண்பருக்குச் சற்றுக் கறாராக.