அட்டவணையைக் குறுக்கே படித்த எட்டு ஆண்டுகள்

புள்ளியியல் கணக்குகளுக்கான ‘ஆர்’ கணினி மொழியில், நோய்ப்பரவல் ஆய்வுக்கு உதவும் ‘எபி’ மென்பொருள் தொகுப்பை நான் முதன்முதலில் நிறுவி எட்டு ஆண்டுகள் ஆகின்றன. டென்மார்க் புள்ளியியலாளர் பெண்டிக்ஸ் கார்ஸ்டென்சென் முன்னின்று உருவாக்கியது, இலவசம். ஒரு நோயின் வீதத்தில் வயது, காலம், பிறப்புத் தலைமுறை என்ற மூன்றின் பங்கையும் பிரித்துப் பார்க்க அதில் ‘ஏபிசி ஃபிட்’ என்று ஒரே ஒரு கட்டளை. அது ஓடி முடிய சில நொடிகள் போதும். அதன் வாயில் போடும் அட்டவணையைத் தயாரிக்க எனக்கு முதல் முறை மூன்று வாரம் பிடித்தது. இன்றும் நான்கு நாளுக்குக் குறைவதில்லை. ஆகவே கட்டளையைவிட அட்டவணையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

கேட்பது நான்கே நிரல்கள்: வயது, ஆண்டு, நோயாளிகளின் எண்ணிக்கை, ஆள்-ஆண்டுகள் (அந்த வயதில், அந்த ஆண்டில் மக்கள் எல்லோரும் வாழ்ந்த காலத்தின் கூட்டுத்தொகை). ஆண்டிலிருந்து வயதைக் கழித்துப் பிறந்த ஆண்டை அதுவே கண்டுகொள்ளும். எதற்காக இந்தக் கழித்தல் என்பவர்களுக்கு நான் காட்டுவது அமெரிக்க நோய்ப்பரவியல் அறிஞர் வேட் ஹாம்ப்டன் ஃபிராஸ்ட் தொகுத்த காசநோய் அட்டவணையை. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் இறப்புக் கணக்கு. அவர் மறைந்த பிறகு 1939இல் வெளியானது. 1930ஆம் ஆண்டு நிரலை மேலிருந்து கீழே படித்தால், காசநோய் ஐம்பதைத் தாண்டியவர்களின் நோய் போலத் தெரியும். மூலைவிட்டமாகப் படித்தாலோ, அந்த ஐம்பது வயதுக்காரர்களின் தலைமுறை தன் இளமையில் அதைவிட அதிகமாகச் செத்திருக்கிறது என்பது தெரியும். எண்கள் மாறவில்லை, கண் போகும் திசைதான் மாறியது.

நான் பழகியது தொகுப்போடு வரும் டென்மார்க் விரைப் புற்றுநோய்த் தரவில். 1943 முதல் 1996 வரை 54 ஆண்டுகள், 0 முதல் 89 வரை 90 வயதுகள், 4,860 வரிசைகள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிறந்த டேனிஷ் ஆண்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு முன்னும் பின்னும் பிறந்தவர்களைவிடக் குறைவு. தலைமுறை வளைவில் அது ஒரு சின்னப் பள்ளம். நான் வழக்கம்போல வயதையும் ஆண்டையும் ஐந்தைந்தாகக் கட்டினேன். பள்ளம் ஏறத்தாழ நிரவிப்போயிற்று. ஐந்து ஆண்டு வயதும் ஐந்து ஆண்டுக் காலமும் சேரும் ஒவ்வொரு கட்டத்திலும் பத்து ஆண்டுகளில் பிறந்தவர்கள் கலந்திருப்பார்கள். ஆறே ஆண்டுப் போர் அதில் எப்படித் தெரியும்? ஓராண்டுக் கட்டங்களுக்குத் திரும்பி, வளைவு தன் போக்கை மாற்றிக்கொள்ளக்கூடிய புள்ளிகளான முடிச்சுகளையும் 1940ஐ ஒட்டி நெருக்கமாக வைத்த பிறகுதான் அது மீண்டும் முகம் காட்டியது.

பிறகு நம் நாட்டு நகரம் ஒன்றின் புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவு கைக்கு வந்தது. டென்மார்க்கில் கற்ற பாடங்களில் பாதி இங்கே செல்லவில்லை.

முதல் அடி சுழியத்தில் விழுந்தது. பதிவேட்டில் நோயாளிக்கு ஒரு வரி. அதை வயது, ஆண்டு வாரியாக எண்ணினால், யாருமே நோயுறாத கட்டம் அட்டவணையில் வராது. சுழியம் என்று வராது, வரவே வராது. நோயாளி இல்லாத கட்டத்தோடு அங்கே வாழ்ந்த ஆயிரக்கணக்கான ஆள்-ஆண்டுகளும் போய்விடும். முப்பது வயதுக்குக் கீழே என் வீதங்கள் ஏன் இவ்வளவு உயரமாக இருக்கின்றன என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் மக்கள்தொகை அட்டவணையை முதலில் விரித்து, அதன் மேல்தான் நோயாளிகளை ஒட்டுகிறேன். இணையாத கட்டத்தில் சுழியம்.

இரண்டாவது இன்னும் நயவஞ்சகமானது. வயதுக்கும் ஆண்டுக்கும் கட்டத்தின் நடுப்புள்ளியைக் கொடுக்க வேண்டும். நான் தொடக்கப்புள்ளியைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டும் ஐந்தாண்டுக் கட்டங்களாக இருந்தவரை கழிக்கும்போது பிழை பிழையை அடித்துவிட்டது, தலைமுறை சரியாகவே வந்தது. ஒருநாள் வயதை ஐந்தாகவே வைத்து ஆண்டை மட்டும் ஒன்றாக்கினேன். 50–54 வயது, 2005ஆம் ஆண்டு: நடுப்புள்ளிகள் 52.5, 2005.5; ஆகவே பிறப்பு 1953. என் கணக்கில் 1955. தலைமுறை முழுவதும் இரண்டு ஆண்டு இளமையாகிவிட்டது. எந்த எச்சரிக்கையும் வராது, படமும் அழகாகவே இருக்கும்.

லெக்சிஸ் முக்கோணங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வயது, ஓர் ஆண்டு கொண்ட கட்டத்தைப் பிறந்த ஆண்டுப்படி இரண்டாக அறுத்தால் நடுப்புள்ளி அரையில் இராது. மூன்றில் ஒன்றுக்கும் மூன்றில் இரண்டுக்கும் நகரும். நேர்த்தியான வேலைதான். ஆனால் வயதைக் கேட்டால் ‘ஐம்பது இருக்கும்’ என்று சொல்கிற ஊரில் அது வெறும் அலங்காரம். நம் கணக்கெடுப்பின் ஓராண்டு வயது அட்டவணையை வரைந்து பாருங்கள்: 40, 50, 60 என்று ரம்பப் பற்கள். 0இல் முடியும் வயதுகளின் குவியல் 5இல் முடிபவற்றைவிட அதிகம் என்பதால் ஐந்தாண்டுக் கட்டமும் முழுதாகக் காப்பாற்றாது. இருந்தாலும் ஐந்துக்குக் கீழே நான் போவதில்லை. 75க்கு மேல் என்று திறந்து கிடக்கும் கடைசிக் கட்டத்தையும் எடுத்துவிடுகிறேன். அதற்கு நடுப்புள்ளியே கிடையாது.

இனி பகுதி, அதாவது வீதத்தின் கீழ் எண்ணான மக்கள்தொகை. மேல் எண்ணான தொகுதியில் ஒரு நோயாளி விடுபட்டால் பதறுகிறோம். பகுதியில் லட்சம் பேர் இடம் மாறினால் கண்டுகொள்வதில்லை. சென்னையை எடுத்துக்கொள்ளுங்கள். 2011 கணக்கெடுப்பு காட்டும் ஏறத்தாழ 46.5 லட்சம் பேர் பழைய 174 சதுர கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள். அதே ஆண்டில் மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய எல்லையின் மக்களைப் புதிய எல்லையின் நோயாளிகளுக்கு அடியில் வைத்தால், வீதம் ஒரே ஆண்டில் துள்ளும். கணித மாதிரி அதைக் ‘கால விளைவு’ என்று மரியாதையாகப் பெயரிட்டுத் தரும். இந்தக் கோளாற்றை வேறொரு நகரத்தில் நானே செய்திருக்கிறேன். நல்லவேளையாக அச்சுக்குப் போகுமுன் பிடித்துக்கொண்டேன்.

2001க்கும் 2011க்கும் நடுவே உள்ள ஆண்டுகளை வயதுப்பிரிவு வாரியாக இடைமதிப்பிட்டு நிரப்பலாம், பிடித்துக்கொள்ள இரு பக்கமும் தூண் உண்டு. 2011க்குப் பிறகு ஒரு பக்கம்தான். 2021இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு 2027க்குப் போய்விட்டது. எனவே இப்போது என் கோப்பில் ஐந்தாவதாக ஒரு நிரல்: அந்த ஆள்-ஆண்டு கணக்கெடுப்பிலிருந்து வந்ததா, என் கணிப்பா என்று. ‘ஏபிசி ஃபிட்’ அதைக் கேட்பதில்லை. படம் வரையும்போது கணிப்பு வரிசைகளைப் புள்ளிக்கோட்டில் போடுகிறேன். சென்ற முறை அந்தப் புள்ளிக்கோடு படத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது.