நெல் ஊறல் தொட்டிக்கு ‘அணு வெப்பப் பெட்டி’: வாங்கலாமா?

புழுங்கல் அரிசிக்கு நெல் ஊறவைக்கும் வெந்நீருக்காக, நிக்கலும் ஹைட்ரஜனும் சேர்ந்து அணுக்கரு வினையால் வெப்பம் தருவதாகச் சொல்லி திருவாரூர் வட்டாரத்து ஆலைக்காரர்களிடம் விற்கப்படும் வெப்பப் பெட்டி ஒன்றை எங்கள் ஆலையில் சோதனைக்கு ஓட்டிப் பார்த்தோம். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வெப்பம் கிடைக்கும் என்பது விற்பனையாளர் தரும் உறுதி.

ஆற்றல் அழியா விதி என்னவாயிற்று என்று கேட்டதற்கு, அணுக்கருவின் நிறையில் ஒரு துளி குறைந்து வெப்பமாகிறது, ஆகவே விதி மீறப்படவில்லை என்றார். பதில் சரிதான். 1989 மார்ச்சில் ஃபிளெய்ஷ்மன், பான்ஸ் என்ற வேதியியலாளர்கள் அமெரிக்காவின் யூட்டாவில் ‘குளிர் இணைவை’ (அறை வெப்பநிலையிலேயே அணுக்கருக்கள் இணைவதை) அறிவித்தது முதல் எழுந்த கோட்பாடுகள் பலவும் விதிக்குள் நிற்கவே முயல்கின்றன. அவற்றில் ஒன்றான விடோம்–லார்சன் கோட்பாட்டில்கூட, எலக்ட்ரானும் புரோட்டானும் சேர்ந்து நியூட்ரான் ஆவதற்கு 0.78 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலை முதலில் போட்டாக வேண்டும். உலோகப் பரப்பில் எலக்ட்ரான்களின் கூட்டியக்கம் அதைத் தருகிறது என்பது ஊகம். அது ஊகமாகவே நிற்கிறது.

சிக்கல் கோட்பாட்டில் அல்ல, விற்பனையாளர் ஆவியை அளந்த முறையில் இருக்கிறது. ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 293 கிலோஜூல் போதும். அதையே ஆவியாக்க மேலும் 2257 கிலோஜூல் வேண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும் நேரத்தில் 4.2 லிட்டர் நீரை உள்ளே விட்டு, அத்தனையும் ஆவியாயிற்று என்று எழுதினால் மூன்று யூனிட் வந்துவிடும். உண்மையில் கால் பங்கு ஆவியாகி, மீதி கொதிநீராகக் குழாய் வழியே வெளியேறினாலே ஒரு யூனிட்டில் கணக்கு முடிந்துவிடுகிறது. 2011இல் இத்தாலியின் பொலோனியா நகரில் ரோசி என்பவர் காட்டிய இதுபோன்ற கருவியைப் பற்றியும் இதே ‘ஈர ஆவி’ (ஆவியாகாத நீரும் கலந்த ஆவி) ஐயம் எழுந்தது.

ஆகவே ஆவியே வராதபடி, 100 லிட்டர் நீரை 30 பாகையிலிருந்து 65 பாகைக்கு மட்டும் ஏற்றினோம். அதற்குத் தேவையான வெப்பம் 4.07 யூனிட், மீட்டரில் ஓடியதோ நாலேகால். அதாவது, இது சாதாரண ஹீட்டர். (ஒன்றுக்கு மூன்று வேண்டுமென்றால் ஹீட் பம்ப் தரும், அது காற்றிலிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது.)

பெட்டியின் எவர்சில்வர் வேலையும் வெப்பக் காப்பும் நன்றாகவே உள்ளன. ஆனால் அரைவையில் மிஞ்சும் உமியை எரிக்கும் ஆலைக்கு இதற்கான தேவையே இல்லை. உமி இல்லாதவர்கள், சாதாரண ஹீட்டர் விலைக்கு விற்பனையாளர் இறங்கி வந்தால் வாங்கலாம்.