38,500 ரூபாய் போச்சு: குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் படியுங்கள்

குழந்தை பிறக்க மருந்து என்று பணம் வாங்கியவர்களுக்கு இப்போதுதான் ஆறாவது தடவையாகப் போன் பண்ணினேன். "லைன்ல இருங்க மேடம்" என்று பாட்டுப் போட்டுவிட்டுக் கட் செய்துவிட்டார்கள். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். எப்படி உஷாராக இருப்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி நாலு வருஷம், எனக்கு 36 வயது. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் குழந்தையின்மைக்கு இலவச ஆலோசனை முகாம் என்று நோட்டீஸ் வந்தது. ஆடி மாதம், மண்டபம் சும்மாதானே கிடக்கும். மாமியாரோடு மூன்று பேரும் போனோம்.

ஆலோசகர் என்று ஒரு அம்மா. எடுத்த எடுப்பில் மாமியாரிடம், "நீங்க கொஞ்சம் வெளியில உட்காருங்கம்மா, நான் பொண்ணுகிட்ட பேசணும்" என்றார். இந்த நாலு வருஷத்தில் ஜோசியர், வைத்தியர் ஒருத்தரும் அப்படிச் சொன்னதில்லை. கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்து, "உன்மேல ஒரு தப்பும் இல்லடா" என்றார். அழுதுவிட்டேன். அவ்வளவுதான், நான் காலி.

நாடி பிடித்தார், கர்ப்பப்பையில் சூடு என்றார். மூன்று மாத பேக்கேஜ், 38,500 ரூபாய். கூழ் கம்பெனிக்குப் போட்ட பெங்களூரா மாங்காய்க் காசு அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. வீட்டுக்காரர் தயங்கினார், நான்தான் "கட்டுங்க" என்றேன். ஜிபேயில் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போனது. ரசீது என்று துண்டுச்சீட்டில் 38,500 என்று பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று டப்பா பவுடர். உள்ளே என்ன, யார் தயாரிப்பு, எதுவும் டப்பாவில் இல்லை.

முதல் மாதம் கேட்டதற்கு, "உடம்பு சுத்தமாகுதும்மா." அடுத்த மாதம் வயிற்றுவலி என்றால், "பவுடர் வேலை செய்யுது." மூன்றாம் மாதம் இன்னும் 20,000 கட்டச் சொன்னார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால் மேனேஜர் சேலம் போயிருக்கிறாராம். அங்கேயே குடியேறிவிட்டார் போல.

போன வாரம் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி: "அவருக்கு விந்தணு டெஸ்ட் எடுத்தாச்சா?" 38,500 வாங்கியவர்கள் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டெஸ்ட்டில் எண்ணிக்கை குறைவு என்று வந்திருக்கிறது. புது விந்தணு உருவாகவே ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகுமாம். அவர் சிகிச்சைக்குப் போயிருக்க வேண்டிய மாதங்கள் என் வயிற்றில் பவுடராகப் போயின. 35 தாண்டினால் ஆறு மாதம் முயற்சி செய்து பார்த்துவிட்டு டாக்டரிடம் வந்துவிட வேண்டும் என்றும் சொன்னார். என்மேல் தப்பில்லை என்ற அந்த அம்மா, மருந்தை மட்டும் எனக்கே கொடுத்திருக்கிறார்!

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது முடியவில்லை. இரண்டு பேருக்கும் டெஸ்ட் எடுக்காமல் மருந்து கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். சீட்டில் டாக்டரின் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) என்றால் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி பதிவான மையமா என்று கேளுங்கள். தனி ஆளுக்கு ஜிபே வேண்டாம். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915. நானும் புகார் போடப் போகிறேன்.

மூன்றாவது டப்பாவில் இன்னும் பாதி இருக்கிறது. "காசு கொடுத்து வாங்கினது, குடிச்சு முடிச்சிடு" என்கிறார் மாமியார்.