கரப்பானுக்குக் காங்கேயத்துத் தேங்காய் எண்ணெயா, வாசலினா?

"ஏனம்மணி, செக்கெண்ணெய் வீட்டுல இருக்கறப்ப அந்த டப்பா எதுக்கு?" கரப்பான் (எக்ஸிமா என்னும் அரிப்புத் தோல்நோய்) வந்த குழந்தை உள்ள கொங்கு வீடுகளில் அத்தைமார் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

முதலில் தோலின் கதை. கிருமி தொட்டால் தோல் டிஃபென்சின், கேத்தலிசிடின் போன்ற கிருமிக்கொல்லிகளைத் தானே சுரக்கும். செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸ் நோய்த் தோலில் இவை ஏராளம், கரப்பான் தோலில் குறைவு என்று 2002-ல் ஓர் ஆய்வு காட்டியது. கரப்பான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்பும் இன்டர்லூகின்-4, 13 என்ற இரண்டு சமிக்ஞைப் புரதங்களும் இந்தச் சுரப்பை அமுக்கிவிடுகின்றன. கிருமிக்கொல்லி ஏராளம் என்பதால்தான் சொரியாசிஸில் அவ்வளவு செதில் உதிர்ந்தும் சீழ் அரிது. கரப்பானில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சுலபமாகக் குடியேறுகிறது.

தேங்காய் எண்ணெயின் லாரிக் அமிலத்துக்கு இந்தக் கிருமியை அடக்கும் குணம் உண்டு. பிலிப்பைன்ஸில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வில், ஆலிவ் எண்ணெயைவிட இது கிருமியை நன்றாகக் குறைத்தது. ஆனால் அது பச்சைத் தேங்காயில் எடுத்த எண்ணெய். நம் செக்கில் ஆடுவது கொப்பரை. கந்தகப் புகை போடாத கொப்பரையா என்று கேட்டு வாங்குங்கள்.

வாசலின் கிருமியைக் கொல்லாது என்றுதான் நினைப்போம். ஈரத்தைப் பூட்டுவதில் அதற்கு இணையில்லை, சரி. அதோடு, தடவிய இடத்தில் தோலின் சொந்தக் கிருமிக்கொல்லிகளையே கூட்டுகிறது என்று 2016-ல் வந்த ஆய்வு சொல்கிறது. என் ஓட்டு இதற்குத்தான். டப்பாவில் விரல் விடாமல் கரண்டியால் எடுங்கள், விரலோடு கிருமியும் உள்ளே போகும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடிக் காற்று அடிக்கும்போதும் மார்கழியிலும் குளித்த ஈரம் காயுமுன் வாசலின். சித்திரை வெயிலில் அது பிசுபிசுத்து வேர்க்க வைத்து அரிப்பைக் கூட்டும். அப்போது எண்ணெயே மேல். ஈரோட்டு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்த பற்று வேண்டவே வேண்டாம். காயக் காயத் தோலை இழுக்கும், உரிக்கும்போது புண்ணும் ஆகும்.

சிவந்து வீங்கினால் டாக்டர் தரும் ஸ்டீராய்டு களிம்புக்கு இரண்டுமே மாற்றல்ல. முழங்கால் மடிப்பில் தேன் நிறத்தில் பொருக்கு தட்டினால், நீர் வடிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். காய்ச்சலோடு, துளையிட்டதுபோல் ஒரே அளவில் குட்டிக் குட்டிப் புண்கள் பரவினால் அது ஹெர்பீஸ் வைரஸாக இருக்கலாம். அதற்கான மருந்து அசைக்ளோவிர் தாமதிக்கக் கூடாது, அன்றிரவே ஆஸ்பத்திரி.