ஸ்காபரோ வான்காரருக்கு: "லைஃப்டைம் மப்" போட்ட மடிக்கணினி வாங்கமுதல் இதை வாசியுங்கள்

மடிக்கணினி ஒன்று, அதற்குள் வழிகாட்டி மென்பொருள், செருகுவதற்கு ஒரு ஜிபிஎஸ் ரிசீவர், டாஷ்போர்டில் பூட்ட ஒரு தாங்கி. எல்லாம் சேர்த்து 380 டொலர், வாழ்நாள் முழுக்க மப் (வரைபட) அப்டேட் இலவசம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு கடை இப்படி விற்கிறது. போன வைகாசியில் நான் வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே சரக்கை வேறு யாரும் வேறு பெயரிலும் விற்கலாம்.

ஏன் இந்தக் காலத்தில் மடிக்கணினி என்று கேட்பீர்கள். நானும் மச்சானும் கிழமைக்கு ஒருமுறை கோர்ன்வால், ஒட்டாவா, மொன்றியல் தமிழ்க் கடைகளுக்குப் பலசரக்குக் கொண்டுபோகிறோம். ஒரு ஓட்டத்தில் இருபத்திரண்டு இடம். கூகிள் மப்பில் ஒரு பயணத்துக்குப் பத்து இடத்துக்கு மேல் போட விடாது. மூன்றாகப் பிரித்துப் போட்டால் எந்தக் கடை முதல், எது பிறகு என்று நாங்களே மண்டையை உடைக்க வேண்டும். மடிக்கணினி விற்ற கடைக்காரர் இருபத்திரண்டு முகவரியையும் அடித்து, ஒரு பொத்தானை அமத்த, அது தானே ஒழுங்குபடுத்தி ஒரே கோடாகக் காட்டியது. நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன்.

"இனி ஒரு சதமும் கட்டத் தேவையில்லை அண்ணை. ரிசீவரும் புத்தம் புதுசு."

முதல் ஓட்டத்திலேயே கூத்துத் தொடங்கியது. ரிசீவரைச் செருகிக் கணினியைப் போட்டதும் மவுஸ் அம்பு பேய் பிடித்ததுபோல் திரை முழுக்க ஓடியது, தன்பாட்டில் அங்கும் இங்கும் கிளிக் பண்ணியது. மச்சான் மடியில் கணினியை வைத்துக்கொண்டு, "இது வைரஸ், நிப்பாட்டும்" என்று கத்துகிறார். பிறகு மருமகன் பார்த்துச் சொன்னான், இது வின்டோஸில் பல வருடமாக இருக்கிற பழைய வியாதியாம். ரிசீவர் இடைவிடாமல் அனுப்புகிற எழுத்துகளை, பழைய காலத்து மவுஸ் ஒன்று பூட்டியிருக்கிறார்கள் என்று வின்டோஸ் எடுத்துக்கொள்ளும். டிவைஸ் மனேஜருக்குள் போய் "சீரியல் போல்பொயின்ட்" என்று இருப்பதை முடக்கினால் அம்பு அடங்கிவிடும். இரண்டு நிமிட வேலை. கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தபோது அவர் சொன்னது, "வான் குலுங்கிறதால இருக்கும்."

அம்பு அடங்கிய பிறகு மருமகன் இன்னொன்றைக் கண்டான். ரிசீவர் காட்டிய திகதி 2004 ஒக்டோபர். ஜிபிஎஸ் செய்மதிகள் கிழமைகளை 1023 வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்திலிருந்து தொடங்கும். கடைசியாக அப்படிச் சுழன்றது 2019 ஏப்ரல் 6. அதற்கு ஆயத்தமில்லாத பழைய ரிசீவர்கள் அன்றிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருடம் பின்னுக்கு நிற்கின்றன. இடத்தைச் சரியாகத்தான் காட்டியது. ஆனால் "புத்தம் புதுசு" என்ற கதை அங்கேயே கிழிந்தது.

சரி, இடம் காட்டினால் போதும் என்று விட்டேன். அடுத்த கிழமை 401 நெடுஞ்சாலையில் விபத்து, ஏஜக்ஸிலிருந்தே வாகனங்கள் அசையவில்லை. விட்பியில் 412 எடுத்து மேலே ஏறி, 407 வழியாகச் சுற்றிப் போகலாம் என்று திரும்பினேன். மச்சான் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார், "நாங்கள் இப்ப வயலுக்குள்ள போறம்." உண்மைதான், எங்கள் வானைக் காட்டும் அம்பு வெறும் வெள்ளைப் பரப்பில் மிதந்துகொண்டிருந்தது. 412 திறந்தது 2016இல். 407இன் அந்தக் கிழக்குத் துண்டும் அப்போதுதான். அந்த மப்பில் இரண்டுமே இல்லை.

மொன்றியலில் இன்னும் மோசம். 20ஆம் நெடுஞ்சாலையில் வந்து, டர்கோ சந்தியில் 15 வடக்கு எடுத்தால்தான் கோட்-டெ-நேஜுக்குப் போகலாம். அந்தச் சந்தியை இடித்து முழுக்கப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். கணினியோ பழைய சந்தியை மனதில் வைத்து வழி சொல்கிறது. ஒரே பாதைக்குப் பலகையில் 136, திரையில் பழைய இலக்கம் 720. யோசித்து முடிக்கமுதல் நகர மையத்துக்குப் போகிற சுரங்கத்துக்குள் வந்துவிட்டோம். சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ்சும் இல்லை. வானுக்குள் பதினெட்டுப் பெட்டி முருங்கைக்காய், கடை பூட்ட இருபது நிமிடம்.

அன்று இரவுதான் மென்பொருளின் பெயரை ஆறுதலாக வாசித்தேன். மைக்ரோசொப்ட் ஸ்ட்ரீட்ஸ் அண்ட் டிரிப்ஸ் 2013. அதன் காலத்தில் நல்ல மென்பொருள்தான், அந்தப் பாதை ஒழுங்குபடுத்தும் பொத்தானை இன்றைக்கும் மெச்சுவேன். ஆனால் அதுதான் கடைசிப் பதிப்பு. 2014இல் அதை நிறுத்திவிட்டார்கள். இருந்த காலத்திலும் புது மப் வேண்டுமென்றால் புதுப் பதிப்பைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். செத்துப் பத்து வருடமான ஒன்றுக்குத்தான் எனக்கு வாழ்நாள் அப்டேட் விற்றிருக்கிறார்கள்.

தாங்கியைப் பற்றியும் ஒரு சொல். ஒன்ராறியோவில் ஓடுகிற வாகனத்தில் கணினித் திரை சாரதியின் கண்ணில் படக்கூடாது. வழிகாட்டும் ஜிபிஎஸ் திரைக்கு விலக்கு உண்டு, ஆனால் மடிக்கணினியை ஜிபிஎஸ் என்று வீதியோரத்தில் நின்று பொலிசுடன் வாதாட எனக்குத் தைரியமில்லை. முதல் தடவையே 615 டொலருக்குக் குறையாது, மூன்று நாள் லைசென்சும் போகும். டாஷ்போர்டில் பூட்டுங்கள் என்று விற்றவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

திருப்பிக் கொடுக்கப் போனேன். "மென்பொருள் திறந்தால் திருப்பி எடுக்கமாட்டம் அண்ணை" என்றார். லைஃப்டைம் அப்டேட் எங்கே என்றதற்கு, பில்லைக் காட்டச் சொன்னார். பில்லில் "கணினி – 1" என்று மட்டும் இருந்தது.

இங்கே நானே என் காலில் சுட்டுக்கொண்ட கதையும் உண்டு. பொய் சொல்லி விற்றால் ஒரு வருடத்துக்குள் அறிவித்து ஒப்பந்தத்தை முறிக்க ஒன்ராறியோ நுகர்வோர் சட்டம் இடம் தருகிறது. வாயால் சொன்ன வாக்கும் கணக்கில் வரும். ஆனால் அது சொந்தத் தேவைக்கு வாங்குபவருக்குத்தான், வியாபாரத்துக்கு வாங்குபவருக்கு இல்லை. வரியில் கழிக்கலாம் என்று பில்லை எங்கள் வியாபாரப் பெயரில் போடச் சொன்னது நான்தான். வரியில் மிஞ்சியிருக்கக்கூடிய சில்லறைக்காக 380 டொலரையும் விட்டேன். நீதிமன்றம் போகலாம்; ஒரு நாள் ஓட்டத்தை விட்டுவிட்டு அங்கே போய் நிற்க எங்களுக்குக் கட்டாது.

இப்போது ஃபோனில் மப்பை முன்கூட்டியே இறக்கி வைத்து ஓடுகிறோம். கடைகளின் ஒழுங்கை மச்சான் அரிசிப் பெட்டி மட்டையில் எழுதி வருகிறார். மடிக்கணினியில் மகள் கணக்குப் படிக்கிறாள்.

கடையின் விளம்பரம் போன கிழமையும் கண்ணில் பட்டது. விலை 340 ஆகிவிட்டது, "புதிய மப்" என்றும் சேர்த்திருக்கிறார்கள். போகிறவர்கள் காசை எடுக்கமுதல் திரையில் விட்பியைத் திறந்து 412ஐக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், சொன்ன வாக்கையெல்லாம் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.