மிருதங்கத் தொப்பிக்கு ஒரு பழைய ஸ்பீக்கர்: புறக்கோட்டையில் வாங்கி வீட்டில் பதிவு செய்து பார்த்தது

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு சின்னக் கடையில் ஆறரை அங்குலப் பழைய வூஃபர் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். பாட்டுக் கேட்க இல்லை, மைக்காக வைக்க. மூன்று வாரமாக அக்காவின் மகன் வாசிக்கும் மிருதங்கத்தை அதை வைத்துத்தான் பதிவு செய்கிறோம். வீட்டில் கிடந்த ஒரு பழைய ஹெட்போனையும் இதே வேலைக்கு விட்டுப் பார்த்தேன். "ஹெட்போன் இருந்தால் மைக்கே தேவையில்லை" என்று சொல்கிற வீடியோக்களை நம்பிப் பாட்டுப் பதிவில் இறங்குபவர்கள் இதைக் கொஞ்சம் வாசிக்க வேண்டும்.

அடிப்படை சரிதான். டைனமிக் மைக்கிலும் ஸ்பீக்கரிலும் இருப்பது ஒரே சாமான்கள்: ஒரு சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச் சுருள், ஒரு காந்தம். கரண்ட் கொடுத்தால் சுருள் அசைந்து சத்தம் வரும், சத்தம் வந்து மோதினால் சுருள் அசைந்து கரண்ட் வரும். 1966இல் லண்டன் அபி ரோட் ஸ்டூடியோவில் பீட்டில்ஸ் குழுவின் பேஸ் கிட்டாரை ஒரு ஸ்பீக்கரை மைக்காக வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். பிற்காலத்தில் யமஹா ஆறரை அங்குல ஸ்பீக்கர் ஒன்றை டிரம் கூட்டுக்குள் பொருத்தி, சப்கிக் என்ற பெயரில் விற்கவும் செய்தது.

முதலில் ஹெட்போன். எக்ஸ்எல்ஆர் (மைக்குக்கான மூன்று பின் பிளக்) மாற்றி ஒன்றைப் போட்டு, மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸின் மைக் துவாரத்தில் சொருகி, இரண்டு காதுப் பக்கத்தையும் சேர்த்து வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு கதைத்தேன். இரண்டு பக்கம் இருந்தால் இரண்டு மடங்கு சத்தம் வரும் என்று நினைத்தேன், வந்ததோ கிணற்றுக்குள் இருந்து கூப்பிடுவது போல ஒரு மெல்லிய சத்தம். காரணம் பிறகுதான் பிடிபட்டது. அந்தத் துவாரம் இரண்டு வயரில் வருவதன் வித்தியாசத்தை மட்டும்தான் எடுக்கும், இடது காதும் வலது காதும் ஒரே குரலைக் கேட்டால் ஒன்றையொன்று அடித்துவிடும். ஒரு பக்கத்தைத் தலையணைக்குள் புதைத்துவிட்டு மற்றப் பக்கத்தில் மட்டும் கதைத்தபோது குரல் எழும்பியது. ஆனாலும் பழைய லேண்ட்லைன் தொலைபேசிக் குரல்தான். 'சரஸ்வதி' என்று சொன்னால் ச-வும் ஸ-வும் கரைந்துபோய் வெறும் மூச்சு மட்டும் கேட்கிறது. கெயினை (மைக் சத்தத்தைப் பெருக்கும் திருகை) முழுதாகத் திருப்ப வேண்டியிருப்பதால் பின்னால் ஒரு இரைச்சலும் விடாமல் ஓடும். மெட்டு மறந்துபோகாமல் முணுமுணுத்து வைக்க உதவும், பாட்டுக்கு வேண்டாம். புளூடூத் ஹெட்போனில் முயலவே வேண்டாம், நடுவில் இருக்கும் ஆம்பிளிஃபையர் ஒரு வழிப் பாதை. பவர் போட்டு இயங்கும் ஸ்பீக்கர்களுக்கும் அதே கதைதான்.

இனி வூஃபர். மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையை எங்கள் சாதாரண மைக் நன்றாகவே எடுக்கிறது. அடிச்சத்தம் தரும் இடது பக்கமான தொப்பிதான் பிரச்சினை. ரவை பூசி ஈரமாக வாசிக்கும்போது அறையில் நின்று கேட்டால் வயிற்றில் இடிக்கிற அந்த 'கும்', பதிவில் கேட்டால் அட்டைப் பெட்டியில் தட்டின மாதிரி இருக்கும். ஒரு ஸ்டூலைக் கவிழ்த்து வைத்து, நான்கு காலுக்கும் நடுவே இலாஸ்டிக் கட்டி, அதில் வூஃபரைத் தொங்கவிட்டு, தொப்பியில் இருந்து ஒரு சாண் தள்ளி நிறுத்தினோம். முதல் தட்டிலேயே அக்காவின் மகன் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். அடிச்சத்தம் அப்படியே உருண்டு வந்தது. கனமான கோன் (ஸ்பீக்கரின் சவ்வு) என்பதால் மேல் சுருதிகள் எதுவும் வராது, விரல் படுகிற ஒலிகூடக் கேட்காது. அதனால் இதைத் தனியே வைத்தால் போர்வைக்குள் வாசிக்கிற மாதிரித்தான் இருக்கும். சாதாரண மைக்கோடு கலக்கிற இரண்டாவது மைக் இது.

கலந்தபோது முதல் நாள் அடிச்சத்தம் கூடுவதற்குப் பதிலாகக் குறைந்தது, வயரை மாற்றிப் பற்றவைத்திருந்தேன். ஸ்பீக்கரை மைக்காக வைக்கும்போது அதன் பிளஸ் எக்ஸ்எல்ஆர் பிளக்கின் மூன்றாம் பின்னுக்கும் மைனஸ் இரண்டாம் பின்னுக்கும் போக வேண்டும். மாற்றிய பிறகு சரி. சில மைக்குகளுக்காக இன்டர்ஃபேஸ் அனுப்பும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை ஓஃப் செய்துவிட்டுத்தான் சொருகுங்கள், மூன்றாம் பின்னை ஏர்த்தோடு இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் நேரே சுருளுக்குள் போகும்.

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு ஒரு தொல்லை உண்டு. காலி வீதியில் பஸ் உறுமுவதையும் கடற்கரைப் பக்கம் ரயில் போவதையும் இது ஆசையாக வாங்கிக்கொள்ளும். இலாஸ்டிக் கட்டினதே அதற்குத்தான், தரையில் நேரே வைத்தால் மேல்மாடியில் கதிரை இழுப்பதும் பதிவாகும். பின்பக்கம் திறந்திருக்கும் ஸ்பீக்கர் முன்னும் பின்னும் கேட்கும், விளிம்புப் பக்கம் கேட்பது குறைவு. எனவே விளிம்பை ஜன்னல் பக்கம் திருப்பி வையுங்கள், நல்ல வித்தியாசம் தெரிந்தது.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் இருந்து 100ஆம் இலக்க பஸ் ஏறினால் நேரே புறக்கோட்டை. கடைக்கார நானா "எந்த வாகனத்துக்குத் தம்பி?" என்று கேட்டார். "வாகனத்துக்கு இல்லை நானா, மைக்காக வைக்க" என்றேன். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போய்ப் பென்சில் பேட்டரி ஒன்றை எடுத்து வந்து இரண்டு முனையிலும் தொட்டுக் காட்டினார். கோன் 'டப்' என்று முன்னால் தள்ளியது. "பேட்டரியின்ட பிளஸ் பட்ட பக்கம்தான் இதுக்கும் பிளஸ், பேனையால குறிச்சு வையுங்க" என்றார். நானும் குறித்தேன், வீட்டில் பற்றவைக்கும்போது பார்க்காமல் விட்டது என் பிழை. முதலில் கையில் எடுத்த ஸ்பீக்கரை அவரே வாங்கி வைத்துவிட்டார். விளிம்பில் இருந்த ஸ்பொஞ்ச் விரல் பட்டதும் உதிர்ந்தது, இந்தக் கடற்காற்றுக்கு ஸ்பொஞ்ச் விளிம்பு நிற்காது, ரப்பர் அல்லது துணி விளிம்பு உள்ளதை எடுங்கள் என்றார். பில் கிடையாது, ஆனால் மூன்று நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். அடுத்த கிழமை எட்டு அங்குலம் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், தவிலுக்கு.